சேசடிமை அண்ணனின் துடிப்பு

செப்டம்பர் 3, புதன்

இன்று என் பட்டை கடலுக்குப் போயிற்று. மூன்று வருட உழைப்பு. வீட்டில் சொன்னால் என் மனைவி ஜெசிந்தா, "நல்லது. அப்பிடியே அந்த மிக்சியையும் என்னான்னு பாருங்க. எத்தன நாளா சொல்லுதேன்" என்கிறாள். பெருமைப்படத் துணை இல்லாததால் பழைய டைரி ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

பட்டை என்றால் கைக்கடிகாரம் மாதிரி ஒன்று. அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு தோலுக்குள் பாய்ந்து, ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பை எடுக்கும். மேல்பக்கத்துச் சில்லு செயற்கைக்கோள்களிடம் கேட்டு, கட்டியிருக்கிற ஆள் கடலில் எங்கே நிற்கிறார் என்று கணக்குப் போடும். இரண்டையும் ரேடியோவில் அனுப்பும். கோயில் மணிக்கூண்டு உச்சியில் நான் கட்டியிருக்கும் ஆன்டெனா அதைப் பிடித்து என் கடைக் கணினிக்குத் தரும். செல்போன் சிக்னல் செத்துப்போகும் தூரத்துக்கும் இது எட்டும். ஆள் தண்ணீரில் விழுந்தாலோ துடிப்பு தாறுமாறாகப் போனாலோ கடையில் சைரன் அலறும். நான் வயர்லெஸ்ஸில் பக்கத்து வள்ளங்களைக் கூப்பிடுவேன். நேற்றுவரை ஜிபிஎஸ் செட்டும் மீன் காட்டும் கருவியும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ததேயுஸ் செய்தது இது. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினால் பாவமில்லை.

முதலில் கட்டியது சேசடிமை அண்ணன். தூண்டில்காரர், ஐம்பத்தெட்டு வயது. மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து நாகர்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். துடிப்பு சீராக இல்லை, கடலுக்குப் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். அவர் மனைவி பிலோமி அக்கா என் கடையில் வந்து நின்று அழுததன் பேரில்தான் பட்டை அவர் கைக்கு ஏறியது.

கட்டும்போது கேட்டார்: "இது நான் நிக்கிற எடத்தையும் காட்டுமா?"

"காட்டும் அண்ணே. ஆபத்துன்னா தேடி வரணும்லா?"

"ஆபத்து இல்லாதப்ப?"

"எனக்க கம்ப்யூட்டர்ல கிடக்கும். வேற ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

"ஒனக்க வாக்கா?"

"எனக்க வாக்கு."

கேள்விக்குக் காரணம் உண்டு. தெற்கே ஆழத்தில் மீன் அடையும் பாறைத்திட்டு ஒன்று, இந்தக் கரையில் அதைப் 'பார்' என்போம், அவர் அப்பா கண்டுபிடித்தது. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரியும். அதை அவர் ஜிபிஎஸ் செட்டில் ஏற்றியதே இல்லை. ரிப்பேருக்கு வரும் செட்டிலிருந்து மெக்கானிக்குகள் இடங்களைக் காப்பி எடுத்துவிடுகிறார்கள் என்பது கரை முழுக்க உள்ள பேச்சு. அவர் மலை முகட்டையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நேர் பார்த்தே போய்வருகிறவர். மெக்கானிக்கை நம்பாத மனிதர் மெக்கானிக் செய்த பட்டையைக் கட்டிக்கொண்டது மனைவியின் கண்ணீருக்காக.

செப்டம்பர் 5, வெள்ளி

துடிப்பு அழகாக வருகிறது. அழகு என்று சொல்லக்கூடாது, நோயாளியின் துடிப்பு. சீராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒன்று அவசரப்பட்டு முந்தும், பிறகு ஒரு தயக்கம், மறுபடி சீர். கோடாக வரைந்து பார்த்தால் அவர் நடை மாதிரியே இருக்கிறது. நேற்றும் இன்றும் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு செட் ரிப்பேர் நின்றுபோனது.

செப்டம்பர் 6, சனி

பிலோமி அக்கா சந்தைக்குப் போகிற வழியில் மீன் கூடையைக் கடை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். "தம்பி, அவரு துடிக்காரா?" என்று கேட்பார். நான் திரையைத் திருப்பிக் காட்டுவேன். கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவார். எழுத்து வாசிக்கத் தெரியாது. வரைபடம், எண் எதையும் அவர் கண்டுகொள்வதில்லை. கோடு ஆடினால் போதும்.

போகும்போது இரண்டு அயிலை மீன் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள், கடலுக்கு விடுமுறை. மச்சான் கில்பர்ட் வீட்டில் விருந்து, அவன் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். ஜெசிந்தாவுக்குத் தம்பி வீட்டு விசேஷம் என்றால் தலைகால் புரியாது. போன இரண்டு சீசனும் கில்பர்ட்டுக்குக் கடல் கைகொடுக்கவில்லை. ஆனாலும் ஊரையே கூப்பிட்டிருந்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சு பட்டையைப் பற்றி வந்தது. ஒரு பெரியவர், "அதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றார். விடுவேனா? லேப்டாப்பைத் திறந்து, சனிக்கிழமை கடலில் பதிவான சேசடிமை அண்ணனின் துடிப்பைக் காட்டினேன். துடிப்பை மட்டும். எல்லார் வாயும் அடைத்துப்போனது. கில்பர்ட் தோளில் தட்டி, "எங்க அத்தான் பெரிய விஞ்ஞானியாக்கும்" என்றான். இந்த வீட்டில் பதினாறு வருடமாக எனக்கு ரேடியோ மெக்கானிக் என்றுதான் பேர்.

பிரியாணி கொள்ளாம், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கில்பர்ட்டின் வள்ளம் மதியம் கரை ஏறியபோது கூட்டம் கூடிவிட்டது. அத்தனையும் கலவா, பாரில் அடையும் மீன். ஒவ்வொன்றும் ஒருத்தர் தனியாகத் தூக்க முடியாத அளவு. எங்கே பிடித்தாய் என்று கேட்டவர்களிடம், "கடலுல" என்று சொல்லிச் சிரித்தானாம்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு முழுக் கலவா வந்தது. ஜெசிந்தா தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். மிக்சி ஓடாததால் அம்மியில் அரைத்தாள். "என்ன இப்பிடி எடுத்து எடுத்து வைக்கிய? முள்ளு கெடக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

விருந்தன்று லேப்டாப்பில் வரைபடமும் திறந்துதான் இருந்தது, துடிப்புக்குப் பின்னால். தள்ளி நின்று பார்த்தால் நீலத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு புள்ளியைப் பார்த்து யாரும் கடலில் பாரைக் கண்டுபிடித்துவிட முடியாது.

இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

இன்று கில்பர்ட்டோடு அவன் கூட்டாளிகள் வள்ளங்களும் போயிருக்கின்றன. எல்லாம் கலவா. சேசடிமை அண்ணன் கிட்டத்தட்ட வெறும் வள்ளத்தோடு வந்தார். என் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். நான் குனிந்து ஒரு போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த போர்டு.

செப்டம்பர் 15, திங்கள்

சேசடிமை அண்ணன் பட்டைக்குச் சார்ஜ் ஏற்றக் கடைக்கு வந்தார். அக்கா உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ததேயு, இத யாரெல்லாம் பாக்காவ?"

"யாரும் இல்ல அண்ணே."

"யாருமே இல்லியா?"

"பிலோமி அக்கா மட்டும் காலம்பற வந்து பாப்பாவ. வேற யாரு?"

அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். "சந்தையில அவ கில்பர்ட்டுக்க பொண்டாட்டி பக்கத்துலதான் இருக்கா" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல்.

சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதில் பொய் கிடையாது. அக்கா பார்க்கிறார் என்பது உண்மைதான்.

சார்ஜ் ஏறியதும் பட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மிக்சியைச் சரிசெய்தேன். கார்பன் தேய்ந்திருந்தது. ஐந்து நிமிட வேலை.

செப்டம்பர் 18, வியாழன்

ஏதோ சரியில்லை. காலையிலிருந்து புள்ளி மேற்கே, கரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நெத்திலி வலைக்காரர்கள் போகிற இடம். தூண்டில்காரருக்கு அங்கே என்ன வேலை?

துடிப்பைப் பார்த்தேன். சீர். மதியம்வரை பார்த்தேன். ஒரு இடத்தில்கூட முந்தவில்லை, தயங்கவில்லை. முப்பது வயது ஆளுக்கு இருக்கவேண்டிய துடிப்பு.

பிலோமி அக்கா வந்தார். எழுத்து தெரியாவிட்டாலும் கோடு தெரிகிறது அவருக்கு. "இன்னைக்கு ஒரே சீராட்டு போவுதே தம்பி! அந்தக் குதிப்பு இல்ல பாத்தியா?" என்று கையைக் கூப்பினார். "மாத்திரை கேக்குது. மாதாவே, மாத்திரை கேக்குது."

நான் சிரித்தேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவர் அப்படி நிற்கும்போது யாரால் சொல்ல முடியும்?

செப்டம்பர் 19, வெள்ளி

நெத்திலி வள்ளங்கள் வந்ததும் கரைக்குப் போனேன். நினைத்தது சரி. பட்டை ரூபன் கையில் இருந்தது. சேசடிமை அண்ணனின் மருமகன். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டியிருந்தான்.

"இது எதுக்கு ஒனக்க கையில?"

"மாமா கட்டிக்கிட்டுப் போகச் சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதிய அண்ணே."

"அவரு எங்க போறாரு?"

"தெரியாது. பழைய எடத்துக்குப் போகல. அங்கதான் இப்ப திருவிழாக் கூட்டமாட்டு கிடக்கே. அதுக்கும் தெற்க போறாருன்னு நெனைக்கேன். ஆளு யாரையும் கூட்டிட்டுப் போகல, தனியாத்தான். இனி ஒருத்தரையும் நம்ப மாட்டேன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "'ஒனக்க மாமி பாத்துக்கிட்டே இருக்கட்டும்'னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டுச் சொல்லல" என்றான்.

நெஞ்சு சரியில்லாத மனிதர், தனியாக, அவ்வளவு தூரத்தில். அவருடைய நலத்தை என் திரையில் வேறு ஒருவனின் நெஞ்சு அறிவித்துக்கொண்டிருக்கிறது.

நாளை அக்காவிடம் சொல்லிவிடவேண்டும்.

செப்டம்பர் 20, சனி

சொல்லவில்லை.

சொன்னால், அவர் ஏன் பட்டையைக் கழற்றினார் என்று அக்கா கேட்பார். பார் இருக்கும் இடம் வெளியே போனதால் என்று சொல்லவேண்டும். எப்படிப் போனது என்று கேட்பார்.

எப்படிப் போனது? விருந்தன்று எல்லாரும் சாப்பிட எழுந்து போனபிறகு கில்பர்ட் லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். நான் கை கழுவப் போனேன். எழுந்தபோது லேப்டாப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன். அப்போது நான் இன்னும் சாப்பிட்டிருக்கவே இல்லை.

எழுதும்போதே முகம் சுடுகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிவில் பங்குத்தந்தை என் பட்டையைப் பற்றி அறிவிப்பு செய்தார். இன்னும் பத்துப் பேருக்குச் செய்யப்போகிறோம், நம் ஊர்ப் பிள்ளையின் மூளை என்றார். கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை அப்படியே வெட்டிப் போட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் சேசடிமை அண்ணன் இருந்தார். அவர் தட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

வெளியே பிலோமி அக்கா அவருக்காக வாசலில் காத்து நின்றார். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். அக்கா ஜெசிந்தாவிடம் சொன்னாராம், அவர் ஒரு வாரமாக வீட்டில் சாப்பிடுவதில்லை, டீக்கடையில்தான் சாப்பாடு, ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. "கடல்ல அசதியாட்டு இருக்கும். நெஞ்சு நல்லாருக்கு, அது போதும் எனக்கு" என்றாராம்.

ஜெசிந்தா இதைச் சொன்னபோது பூண்டு உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "உரிச்சது போதும், இது நாலு நாளைக்கு வரும்" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வியாழக்கிழமை சேசடிமை அண்ணனுக்கு நாகர்கோயிலில் டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள். அக்கா இன்று ஸ்டூலில் உட்கார்ந்து, "போக வேண்டாம்னு வச்சாச்சு தம்பி" என்றார்.

"ஏன் அக்கா?"

"அவரு வரமாட்டேன்னாரு. எப்பவும் இழுத்துட்டுத்தான் போவேன். இப்ப மெசின்தான் நல்லாருக்குன்னு சொல்லுதே. டாக்டரு ஒரு நிமிசம் குழாய வச்சுப் பாப்பாரு. நீ நாளு முழுக்க பாக்குத. ஒன்ன விடவா?"

போங்கள், கட்டாயம் போங்கள் என்றேன். "ஏன், கோட்டுல ஏதாவது தெரியுதா?" என்று பதறி எழுந்தார். இல்லை என்றேன். உட்கார்ந்தார்.

இதைவிடக் கேவலமான ஒரு "இல்லை"யை நான் இதுவரை சொன்னதில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்று சொல்லியே தீருவது என்று சந்தைக்குப் போனேன். கடையில் சொன்னால் திரை பக்கத்தில் இருக்கும், தைரியம் வராது. அக்கா பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கில்பர்ட்டின் மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு ஐஸ் பெட்டி. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா காலையிலிருந்து விலை சொல்வதைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று கில்பர்ட்டின் மனைவியே என்னிடம் கிசுகிசுத்தாள்.

"அக்கா, ஒரு விசயம்" என்றேன்.

"தெரியும், தெரியும். ஜெசிந்தா கேட்டாளாக்கும்?" என்று பெரிய விளமீன் ஒன்றை எடுத்துச் செதிள் சீவத் தொடங்கினார். நான் நின்றேன். சீவி, வெட்டி, வாழையிலையில் சுருட்டிக் கையில் கொடுத்தார். "போ, வெயிலு ஏறுது" என்றார்.

மீனோடு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை முழுக்கத் துடிப்பு சீர். ரூபனின் துடிப்பு. மதியத்துக்குப் பிறகு தூண்டில் வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. சேசடிமை அண்ணன் வரவில்லை. அக்கா தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்து திரை முன்னால் உட்கார்ந்தார். இன்று டாக்டரிடம் போகாததால் வீட்டில் நேரம் இருந்ததாம், அவருக்குப் பிடித்த புளிமுளம் மீன்குழம்பு வைத்தாராம். சாப்பிட வீட்டுக்கு வராவிட்டால் என்ன, கரையிலேயே கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருக்கிறார்.

புள்ளி நகரத் தொடங்கியது. "இதா, வாறாரு" என்றார் அக்கா. அது துறையை நெருங்க நெருங்க அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா தம்பி, வந்தாச்சு." சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார்.

நெத்திலி வள்ளம் மணலில் ஏறியது. ரூபன் குதித்தான். அக்கா அவனைத் தாண்டி வள்ளத்துக்குள் பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார்.

"மாமா எங்க மக்ளே?"

ரூபன் என்னைப் பார்த்தான். அவன் கை சட்டைக்குள் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பட்டை ரூபன் கையிலதான் இருந்துது அக்கா" என்றேன். "ஒரு வாரமாட்டு."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். துடிப்பு வேறன்னு அன்னைக்கே தெரிஞ்சுது."

கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. "அப்ப நான் இத்தன நாளும் யாருக்க நெஞ்சப் பாத்துச் சிலுவ போட்டுக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். சட்டி மணலில் இருந்தது, எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

ஆறேழு வள்ளங்கள் இறங்கின. முதலில் தள்ளியது கில்பர்ட். பழைய பாருக்கும் தெற்கே என்று ரூபன் சொன்னதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் கடைக்கு வந்து வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. மூன்று வருடமாக நான் செய்த கருவி திரையில் எந்தக் குறையும் இல்லாமல் ரூபனின் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்தபிறகு கில்பர்ட்டின் குரல் வந்தது: "கிடைச்சாச்சு. வள்ளத்துக்க உள்ள கிடக்காரு. உசுரு இருக்கு. கட்டி இழுத்துட்டு வாறோம், ஆம்புலன்ஸ் சொல்லுங்க."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் இனிக் கடல் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் பிலோமி அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். "உள்ள போகலியா?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலேயே, "மகள மட்டும் விடுதாவ. நான் வரக்கூடாதுன்னு அவரே நர்சுகிட்ட சொல்லிட்டாராம்" என்றார்.

அங்கேதான் எனக்கு முழுசாக உறைத்தது. உறைத்தது என்று எழுதுவதும் பூசி மெழுகுவதுதான். அன்று ஸ்டூலில் உட்கார்ந்து அவர் தலையாட்டினாரே, அப்போதே எனக்குத் தெரியும். அந்த நேரம் என் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. சந்தேகம் என்னைவிட்டு வேறு ஒருவர் பக்கம் போனதில் வந்த நிம்மதி. அது யார் பக்கம் போனது என்று தெரிந்தே இருந்தேன்.

உள்ளே போனேன். மகள் எழுந்து இடம் விட்டாள். அவர் கண் திறந்திருந்தது.

"அண்ணே, எடத்த வெளிய விட்டது பிலோமி அக்கா இல்ல. நாந்தான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விருந்து, லேப்டாப், கை கழுவப் போனது. இதுவரை இங்கேகூட எழுதாததையும் சொன்னேன்: கை துடைத்துக்கொண்டு வந்தபோது கில்பர்ட் வரைபடத்துப் புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களில் ஒன்றைக் காட்டி, "இது மூணா எட்டா அத்தான்?" என்று கேட்டான். நான் குனிந்து பார்த்து, "மூணு" என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. என்னைப் பெரிய ஆள் என்று சொன்ன வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் பெரிய ஆளாக இருக்க ஆசைப்பட்டேன்.

"அக்காவுக்கு எழுத்தே தெரியாதுண்ணே. கோடு ஆடுதான்னு பாக்கத்தான் வந்தாவ."

வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"போய்ச் சொல்லு. சொல்லிட்டு உள்ள அனுப்பு." பிறகு, "எனக்கு இப்ப அவ மொகத்தப் பாக்க வெக்கமாட்டு இருக்கு" என்றார்.

அவர் வெட்கப்படுகிறார். நான் செய்ததற்கு.

வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றேன். உட்கார மனம் வரவில்லை. அக்காவிடம் சொன்னேன், ஒன்றையும் விடாமல், மூணா எட்டா என்பதுவரை. அன்று அண்ணன் கேட்டபோது உங்கள் பேரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேச மாட்டேன்னுட்டாருன்னு நான் தெனமும் அவருக்க காலப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன் தம்பி" என்றார். "என்ன தப்பு செஞ்சேன்னு தெரியாமலே கேட்டேன். அதப் பாத்துத்தான் அவரு உறுதியாட்டு நம்பியிருப்பாரு, நாந்தான்னு."

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லி யாரும் வரவில்லை.